தேவாங்கும் நான்கு நிமிடக் கோளாறும்

ஒரு காட்டில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் மும்முனை மின்சாரம் வரும். காட்டில் ஏது மின்சாரம் என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் நரி குழு நடத்தப்போகிறது, உடும்பு விசாரணை நடத்தப்போகிறது. அதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு மின்சாரத்தில் வந்து தகராறு செய்வது நியாயமில்லை.

அந்தக் காட்டில் ‘மூங்கில் தென்றல் மெல்லிசைக் குழு’ என்று ஒன்று இருந்தது. கல்யாணம், காதுகுத்து, புலிக்குப் பாராட்டு விழா, எதுவானாலும் அந்தக் குழுதான். முதலாளி ரத்தினசபாபதி என்ற நரி. பாடுவது ஒரு குயில். மைக் செட் பொறுப்பு கருமலை என்ற கரடி. எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பது தனிஸ்லாஸ் என்ற தேவாங்கு.

தேவாங்கை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் அவசரமில்லை. எப்போது போனாலும் அது அங்கேயேதான் இருக்கும், அவ்வளவு மெதுவாக நகரும் பிராணி. தனிஸ்லாஸுக்கு விரல்கள் நீளம், பிடி கெட்டி, ஆசையும் நிறைய. வேகம் மட்டும் கிடையாது. பாட்டின் நடுவே பதினாறு சுரம் சரசரவென்று வர வேண்டிய இடத்தில், அது இரண்டாவது சுரத்துக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் குயில் பாட்டை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

நரி நல்லவிதமாகத்தான் சொன்னது. சிங்கராஜாவின் ஆண்டு விழா வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் கேட்கிற மாதிரி எதையாவது வாசிக்காவிட்டால் அணிலை எடுத்துக்கொள்வேன் என்றது. அணில் நிமிடத்துக்கு இருநூறு சுரம் வாசிக்கும். ஒன்றுகூட மனதில் நிற்காது, ஆனால் எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

கிதாரைத் தவிர தனிஸ்லாஸுக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு வேலைக்குப் போகலாம் என்றால், எல்லா இடத்திலும் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள்.

இந்த நிலையில் ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லா விலங்குகளும் டீ குடிக்கப் போய்விட்டன. தனிஸ்லாஸும் கிளம்பியது. ஆனால் அது கிளம்பி முடிப்பதற்கு நேரமாகும். கிதார் தோளில் தொங்க, கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிக்கு நேர் எதிரே அது பாதி திரும்பியிருந்தபோது, கடைசியாக மீட்டிய கம்பி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகல் தேயவில்லை. மெல்ல வளர்ந்தது. பிறகு யாரும் தொடாமலே அந்த ஒரே சுரம் எழுந்து நீளமாகக் கூவத் தொடங்கியது.

விஷயம் இதுதான். கம்பி அதிர்ந்தால் பெட்டி கத்துகிறது. பெட்டி கத்தினால் எதிரே இருக்கும் கம்பி இன்னும் அதிர்கிறது. கம்பி அதிர்ந்ததால் பெட்டி இன்னும் பலமாகக் கத்துகிறது. இரண்டுக்கும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். மைக் செட் தொழிலில் இதற்கு ஃபீட்பேக் என்று பெயர். காட்டில் கூவல் என்பார்கள். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருப்பார்கள். தனிஸ்லாஸால் ஓட முடியாது. அதனால் அது நின்று கேட்க வேண்டியதாயிற்று.

கேட்கக் கேட்க அதற்குக் கண்ணீர் வந்தது. விரலை நகர்த்தவே வேண்டாத ஒரு சுரம், தானாக வந்து, போகாமல் நிற்கிறது. உலகத்தில் ஒரு தேவாங்குக்கென்றே ஒருவர் சங்கீதம் செய்து வைத்திருந்தால் அது இப்படித்தான் இருக்கும்.

அன்றிலிருந்து மூன்று மாதம் அதே வேலை. பெட்டிக்கு எதிரே இரண்டு முழத்தில் நின்றால் கூவல் கனமாக வந்தது. நாலு முழத்துக்குப் பின்வாங்கினால் அதே கம்பி மெல்லிய குரலுக்குத் தாவியது. கிதாரை ஒரு விரற்கடை திருப்பினால் தணிந்தது, நேராகக் காட்டினால் சீறியது. வேண்டாத ஐந்து கம்பிகளையும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து காச்சுமூச்சென்று கத்தின. நிற்க வேண்டிய இடங்களைத் தனிஸ்லாஸ் சாக்பீஸால், குழு எங்கே போனாலும் கூடவே வரும் மேடைப் பலகையில் வட்டம் போட்டு வைத்தது. மூன்றாம் மாத முடிவில் கூவலை அதனால் வரவழைக்க முடிந்தது, ஏற்றி இறக்க முடிந்தது, உள்ளங்கையை வைத்தால் அப்படியே நிறுத்தவும் முடிந்தது.

முதல் அரங்கேற்றம் ஒரு மயில் வீட்டுக் கல்யாண வரவேற்பில். குயில் மூச்சு வாங்கிய இடத்தில் தனிஸ்லாஸ் ஒரு சுரத்தை மீட்டி, வட்டத்தில் நின்று, கிதாரைப் பெட்டிக்கு நேராகக் காட்டியது. கூவல் எழுந்தது. உடனே பந்தலில் இருந்த இருநூறு தலைகளும் திரும்பிக் கரடியைப் பார்த்தன.

பந்தல் வழக்கம் அது. கூ என்று சத்தம் வந்தால் யார் பேசுகிறார்கள், யார் பாடுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. மைக் செட்காரரைத்தான் முறைப்பார்கள். கருமலை பதறி எழுந்து, இருக்கிற திருகு எல்லாவற்றையும் குறைத்து, ஹலோ ஹலோ என்று மைக்கைத் தட்டியது. அதில் குயிலின் குரல் காணாமல் போயிற்று. பெண்ணின் அப்பா மயில், தோகையைக்கூட மடக்காமல் வந்து கரடியைக் கண்டபடி பேசியது.

எல்லாம் முடிந்த பிறகு கருமலை தேவாங்கிடம் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

“தனிசு, இருவது வருசமா நான் இந்தச் சத்தம் வராம பாத்துக்கிறதுக்குத்தான் சோறு திங்கிறேன். நீ என்னடான்னா வேணும்னே வரவைக்கிறியாம்ல?”

“ஆமாண்ணே.”

“எதுக்கு?”

“நல்லா இருக்குண்ணே.”

கருமலை நேராக நரியிடம் போய், இனிமேல் கூவல் வருவதற்கு முன் மைக்கில் அறிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தன்னால் தலைகாட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. நரிக்கும் அது சரியாகப் பட்டது. அடுத்த நிகழ்ச்சியில் அது மைக்கைப் பிடித்து, “அடுத்து நீங்கள் கேட்கப்போகும் சத்தம் கோளாறு அல்ல. நம் கிதார் கலைஞர் நன்கு பயிற்சி எடுத்து, வேண்டுமென்றே எழுப்புவது” என்று அறிவித்தது. கூவல் மூன்று நிமிடம் ஒலித்தது. இந்த முறை யாரும் கரடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒலி ஒழுங்கு அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது.

அந்த அலுவலகத்தில் இருந்தது ஓர் உடும்பு. ஒரு காகிதத்தைப் பிடித்தால் விடாது. காட்டுச் சட்டப்படி தெரியாமல் நேரும் சத்தத்துக்கு அனுமதி தேவையில்லை என்றும், வேண்டுமென்றே எழுப்பும் சத்தத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாகப் படிவம் கொடுத்திருக்க வேண்டும் என்றும் அது நேரில் வந்து படித்துக் காட்டியது. பிறகு விசாரணை தொடங்கியது.

“அந்தச் சத்தத்தை நிறுத்த உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்யா.”

“எவ்வளவு நேரத்தில்?”

“கைய வச்சா ஒடனே நின்னுரும்யா.”

“அப்படியானால் மூன்று நிமிடம் ஏன் வைக்கவில்லை?”

தனிஸ்லாஸ் இதைப் பாராட்டுக்கான முன்னுரை என்று நினைத்துக்கொண்டது. தன் வித்தையைக் கேட்க முதன்முதலாக ஒருவர் பேனாவோடு வந்திருக்கிறார் என்று அதற்கு ஒரே சந்தோஷம். செய்தே காட்டுகிறேன் என்று மேடைக்கு அழைத்துப்போய், இரண்டு முழத்தில் ஒன்று, நாலு முழத்தில் ஒன்று என்று எழுப்பி, தணித்து, நிறுத்திக் காட்டியது. ஒவ்வொன்றும் அற்புதமாக அமைந்தது. உடும்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம் எழுதிக்கொண்டது. சாக்பீஸ் வட்டங்களைத் தனியாக அளந்து, முன்கூட்டியே திட்டமிட்டதற்கு ஆதாரம் என்று குறித்தது.

அடுத்துக் கருமலையைச் சாட்சியாக அழைத்தார்கள். உன் பந்தலில் கூவல் வந்ததுண்டா என்று கேட்டபோது, இருபது வருடமாகத் தினமும் வரும் என்றது. ஏன் வருகிறது என்று தெரியுமா என்றபோது, சத்தியமாகத் தெரியாது என்றது. எப்படி நிறுத்துவாய் என்றபோது, சில சமயம் திருகைத் திருப்பும்போது நிற்கும், சில சமயம் அதுவாகவே நின்றுவிடும் என்றது. உடும்பு மனம் நெகிழ்ந்து, நேர்மையான தொழிலாளி என்று கோப்பில் எழுதியது.

தீர்ப்பு வந்தது. அனுமதியில்லாமல் இனி ஒருமுறை தெரிந்தே கூவல் எழுப்பினால் கிதார் பறிமுதல்.

அனுமதி வாங்கிக்கொண்டால் போயிற்று என்று தனிஸ்லாஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு அலைந்தது. காதில் விழும் தூரத்தில் வசிக்கும் அத்தனை பேரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆலமரத்து வௌவால்கள் தாராள மனதோடு போட்டுக் கொடுத்தன. ஆனால் தொங்கியபடி போட்டதால் எல்லாம் தலைகீழாக இருந்தன. காகிதத்தைத் திருப்பிப் பார்க்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று உடும்பு சொல்லிவிட்டது. தவிர, எதிரொலி கேட்டதால் எதிர்மலையின் கையெழுத்தும் வேண்டும் என்றது. விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. அணில் வந்து மேடையில் தான் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அன்று சாயங்காலம் கருமலை வந்தது. ஒயரைச் சுற்றிக்கொண்டே, “நீ செஞ்சதுல தப்பு எது தெரியுமா? தெரிஞ்சு செய்யிறேன்னு சொன்னதுதான்” என்றது. தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டது.

“ஒண்ணு சொல்றேன். இத்தன வருசமும் அந்தச் சத்தத்தத் தொரத்தித்தான் பழக்கம். அன்னைக்கு நீ டக்குனு நிறுத்துனப்ப, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமேன்னு எனக்குத் தோணிருச்சு. அதான் வந்தேன்.”

கரடி அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஒயரை ஆட்டுவது, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவது, பெட்டியின் பின்பக்கம் எட்டிப்பார்த்துத் தலையைச் சொறிவது, இதையெல்லாம் தனிஸ்லாஸ் ஆறு நாள் பழகியது. கூவலை அடக்கப் பழகியதைவிட இது கஷ்டமாக இருந்தது. கைகள் தாமாகவே சரியான இடத்துக்குப் போயின. அவற்றைத் தவறான இடத்துக்குப் போகவைக்க வேண்டும். சாக்பீஸ் வட்டங்களை ஈரத்துணியால் துடைத்தபோது அதற்கு அழுகை வந்தது. துடைத்துவிட்டது.

ஆண்டு விழாவுக்குக் காடே திரண்டு வந்திருந்தது. முன்வரிசையில் சிங்கராஜா, பக்கத்தில் பேனாவோடு உடும்பு, மேடை ஓரத்தில் தயாராக அணில். நாலாவது பாட்டில் குயில் மூச்சு வாங்கியது. தனிஸ்லாஸ் ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, எதையோ தொலைத்த மாதிரி குனிந்து பெட்டியின் பக்கம் திரும்பியது.

கூவல் எழுந்தது. முதலில் தாழ்ந்த குரலில் பந்தல் கால்களெல்லாம் அதிரும்படி நின்றது. ஒயரைத் தேடுவது போல் தனிஸ்லாஸ் இரண்டு முழம் பின்னால் போனது. சுரம் ஒரு படி மேலே தாவி, மெல்லியதாகி, மரங்களுக்கு மேல் போயிற்று. குழந்தைகள் அழுகையை நிறுத்தின. சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த குரங்குகள் வாளியோடு நின்றுவிட்டன. அது அழகாக இருந்தது. அந்தக் காட்டில் அதற்கு முன் அப்படி ஒன்று கேட்டதில்லை.

உடும்பு எழுந்து மேடைக்கு வந்தது. வேண்டுமென்றா என்று கேட்டது. கருமலை வியர்க்க விறுவிறுக்க, “ஒயர் லூசுங்கய்யா” என்றது. தனிஸ்லாஸ் ஏற்கெனவே பெரிதாக இருக்கிற கண்களை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு பிளக்கைக் காட்டியது. உடும்பு பேனாவை மூடியது.

நிறுத்துவதுதான் பெரிய பாடு. உள்ளங்கையை வைத்தால் உடனே நிற்கும், நின்றால் குட்டு வெளிப்படும். கருமலை ஒரு பிளக்கைப் பிடுங்கியது, பந்தியில் விளக்கு அணைந்தது. இன்னொன்றைப் பிடுங்கியது, ஐஸ் பெட்டி நின்றது. கடைசியில் அது ஆம்ப் பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டது. அறை விழுந்த அதே நொடியில் தனிஸ்லாஸ் கம்பிகளின் மேல் கையை வைத்தது. சத்தம் நின்றது. காடு எழுந்து நின்று கரடியின் அறைக்குக் கைதட்டியது. கரடிக்குச் சால்வை போட்டார்கள்.

தனிஸ்லாஸ் மெதுவாக மைக்குக்கு வந்து, நான்கு நிமிடத் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்றது. அந்த வருத்தம் மட்டும் நடிப்பில்லை.

சிங்கராஜா கையமர்த்தியது. “பரவாயில்ல, புதுசுபோல. போகப்போகச் சரியாயிரும்.”

ராஜாவே சரியாகிவிடும் என்று சொன்ன ஆளை வேலையை விட்டு நிறுத்த எந்த நரிக்குத் துணிச்சல் வரும்? அணிலை வேறு குழுவில் சேர்த்துவிட்டார்கள். அது படிவத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சுரம் என்று எழுதிக்கொடுத்து இருநூற்றுப் பதின்மூன்று வாசித்துவிட்டதாக ஒரு வழக்கு இன்னும் நடக்கிறது.

பதினோரு வருடமாயிற்று. தனிஸ்லாஸ் இன்றைக்கும் கற்றுக்குட்டிதான். நிகழ்ச்சிக்குச் சொல்ல வருகிறவர்கள், கோளாறும் உண்டுதானே என்று நரியிடம் தணிந்த குரலில் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது முடிந்ததும் பெட்டிக்கு ஓர் அறை, கரடிக்குக் கைதட்டல், தேவாங்குக்கு மன்னிப்பு. யாராவது ஒருநாள் வந்து, நீ நன்றாக வாசித்தாய் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அதற்கு இருக்கிறது. சொல்லிவிட்டால் எதிர்மலையிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதால், கூட்டம் கலைவதற்குள் கிளம்பிவிடப் பார்க்கிறது.

நீதி: தவறுக்கு மன்னிப்பு போதும். திறமைக்குத்தான் படிவம் வேண்டும்.