கண் துறை மட்டும் வேண்டாம், மாமா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கத்தியும் கையுமாக நீங்கள் சுகமாயிருப்பீர்கள் என்று நம்பி, உங்கள் தங்கை மகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் ஆஸ்பத்திரி ஸ்டூல்களோடு தினமும் மோதிக் கன்றிப்போயிருக்கிறது.

டாக்டர் பட்டம் வாங்கியாச்சு. மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். நீங்களோ "சர்ஜரி எடு, என் ஆஸ்பத்திரி உனக்குத்தான்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். மாமா, என் கண் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே, எனக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் யானையே நின்றாலும் இல்லைதான். ஆனாலும் உங்களுக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினேன். நர்ஸ் எந்தப் பக்கம் நின்றாரோ, மயக்க மருந்து டாக்டரின் மூக்கைப் பிடித்துவிட்டேன். "திரும்பக் கை கழுவிட்டு வாம்மா" என்றார் சீஃப். கழுவிவிட்டு வந்தேன். இந்தத் தடவை சீஃப் மூக்கு. "இனி கழுவவே வேணாம், வீட்டுக்குப் போ" என்றார்.

குழந்தைகள் வார்டில் அதுகள் எல்லாம் நம் இடுப்புக்குக் கீழேதான் ஓடுகின்றன. ஒன்றின் மேல் தடுக்கி இன்னொன்றின் கட்டிலில் விழுந்தேன். "இன்னொரு தடவை விழுங்க டாக்டர்!" என்று வார்டே கைதட்டியது.

அம்மா, "மனநலம் எடுடி, சும்மா உக்காந்து பேசறதுதானே" என்றாள். அதையும் பார்த்தேன். நோயாளியை எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு உருகி உருகிப் பேசினேன். அந்த மனுஷர் ஃபேன் காற்றுக்காகப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்! காலி நாற்காலியோடு பேசும் டாக்டரைக் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கோ கண் துறைதான் வேண்டுமாம். கதவில் இடித்துக்கொண்டு உள்ளே வரும் கண் டாக்டரிடம் எவன் கண்ணைக் காட்டுவான்? பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும். தலைகீழாக நின்றாலும் மாட்டேன்.

ஆகவே லேப் என்று முடிவு பண்ணிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணாடித் துண்டு வைத்த இடத்தில் கிடக்கும், ஃபேன் காற்று தேடிப் போகாது. அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகப் பேச வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் வெட்டியதெல்லாம் நல்லபடியாக ஒட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

பி.கு.: மாமா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். இன்று கண் பிரிவில் கடைசி ட்யூட்டி. தையல் வேலை செய்யும் அக்கா ஒருத்தர் வந்தார், என் வியாதியேதான். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அடுத்த ஆள வரச் சொல்லுங்க" என்றார். சின்ன வயதில் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அக்காவை வராந்தாவில் உட்காரவைத்து, விளக்கை எங்கே வைப்பது, தலையைத் திருப்பித் திருப்பி எப்படித் தேடுவது, தெருவை எப்படிக் கடப்பது என்று எல்லாம் சொன்னேன். "இத ஏன் அவர் சொல்லல?" என்று கேட்டு அழுதுவிட்டார். அவருக்குத் தெரியாது, மாமா. எனக்குத் தெரியும். நேரே போய்க் கண் துறை என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் மூச்சு விடாதீர்கள். தன் பேச்சைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்று தலைகால் புரியாமல் ஆடுவார்.