மூன்றாவது மாடிக்கு ஆள் தேவை

புது மாடியில் நாற்காலி இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, ஹெட்செட் இருந்தது. உட்கார ஆள்தான் இல்லை. இன்று புது டைரக்டர் முதல்முறையாக வந்து பார்க்கும்போது கால் சென்டரின் இந்த மாடி காலியாகக் கிடந்தால் இழுத்துப் பூட்டிவிடுவார். கூடவே, ஆளெடுக்கும் எச்.ஆர். மேடத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"விளம்பரம் குடுத்தும் ஒரு ஈ காக்கா வரலையே!" என்று மேடம் கையைப் பிசைந்தார். "கீழ்மாடி ஆளுங்க எல்லாரும் வேலை தேடுறவங்களுக்குப் போன் போடுங்க!"

போட்டார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. கால் சென்டர் நம்பர் என்றால் யார்தான் எடுப்பார்கள்? அதற்குள் வாடிக்கையாளர்களின் அழைப்புகள் மலையாகக் குவிந்தன.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேடம், லைன்ல காத்திருக்கிறவங்க காது கிழியத் திட்டுறாங்க!"

"அவசரம்னா நேர்ல வாங்கன்னு ரெக்கார்ட் பண்ணிப் போடுங்க. யாரு மெனக்கெட்டு வரப்போறா?"

வந்தார்கள். படிக்கட்டு கொள்ளாத கூட்டம். ஃப்ரிட்ஜ் குளிராதவர், மிக்ஸி ஓடாதவர், வாஷிங் மெஷினுக்குள் சேலையைப் பறிகொடுத்த அம்மாள்.

"உங்க ஆளுங்களுக்கு ஒரு மண்ணும் தெரியல!" என்று அந்த அம்மாள் வெடித்தார். "கதவு திறக்கலைன்னா பிளக்கைப் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடணும். நானே கண்டுபிடிச்சேன்!"

மேடத்துக்குப் பொறி தட்டியது. "அக்கா, இங்க வேலை பாக்குறீங்களா?"

அக்கா முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்பளம் எவ்வளவு?" என்றார்.

அதன்பின் படியேறியவர் தலையிலெல்லாம் ஹெட்செட் ஏறியது. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், "நான் வந்து..." என்று வாயெடுத்தார்.

"புரியுது சார், எல்லாருக்கும் அதே பிரச்சினைதான்!" மேடம் அவரை மூலை நாற்காலியில் அமுக்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, மாடி களைகட்டியது. பட்டவர்களே பதில் சொன்னதால் திட்டுவதற்காக அழைத்தவர்கள் நன்றி சொல்லிப் போனை வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு அழைப்புகூடப் பாக்கியில்லை, ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. மேடத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"இதைப் பாக்க டைரக்டர் வரலையே!" என்று சூப்பர்வைசரிடம் அங்கலாய்த்தார்.

மூலையில் வழுக்கைத் தலைக்காரர் ஒரு காதிலிருந்து ஹெட்செட்டை விலக்கினார்.

"நான்தாம்மா டைரக்டர். காலையிலேருந்து சொல்ல வர்றேன், இந்தப் போன் எங்க விடுது? நாலாவது மாடிக்கும் ஆள் எடுத்துடுங்க... ஆனா இந்த சீட்டை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க!"