மஞ்சளாகக் கூடாத இலை

"வீப்கே! ஒரு இலை மஞ்சளாயிருச்சு!"

பால்கனியிலிருந்து வந்த குரலைக் கேட்டு, கணவர் ஹின்னர்க்குக்கு மாரடைப்பு என்று நினைத்து ஓடிவந்தாள் வீப்கே.

"ஒத்த இலை. அதுக்கா இந்தக் கூப்பாடு?"

"ப்ரேமன் நகரப் பூங்காவுல தலைமைத் தோட்டக்காரனா இருந்தவன் நான். என் பாத்தியில எவனாவது மஞ்சள் இலை பார்த்திருக்கானா?"

பார்த்ததில்லைதான். யாரும் பார்ப்பதற்குள் ஹின்னர்க் பறித்துவிடுவார். வீப்கே உள்ளே போனாள்.

சனிக்கிழமை கஞ்சா வளர்ப்போர் சங்கத்தின் பால்கனிச் சுற்று. ஜெர்மனியில் இப்போது ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. ஒரு கிள்ளுகூட அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் இடமில்லை. ஆகவே அறுவடைக்கு முன் நடுவர் வீடு வீடாக வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்று பார்த்தே தீர்ப்புச் சொல்வார். வென்றவருக்குப் பித்தளைப் பூவாளி. போன வருடம் வென்ற எதிர்வீட்டு டெட்லெஃப் அதைத் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்திருந்தான். தினமும் ஹின்னர்க் பார்க்கும் நேரமாகப் பார்த்துத் துடைப்பான்.

ஹின்னர்க் இரட்டிப்பாக உரம் போட்டார். இலை நுனிகள் கருகிச் சுருண்டன. உரத்தைக் கழுவ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அது கீழ்வீட்டுப் பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த செவிலின் தலையில் இறங்கியது.

"என்ன இது, நாத்தம் புடிச்ச மழை!"

"மன்னிச்சிரும்மா. செடி பட்டினி கிடக்குது."

"கிடக்காம என்ன செய்யும்? அதோட சாப்பாடு பூரா என் தலையில இருக்கே!"

ஹின்னர்க் மஞ்சள் இலைகளைக் கிள்ளிக் குப்பை வாளியில் எறிந்தார். உடனே அதற்கு மேலிருந்த இலைகள் மஞ்சளாயின. அவற்றையும் கிள்ளினார். வெள்ளிக்கிழமை மாலை, பூக்களைச் சுமந்துகொண்டு செடி உரித்த கோழிபோல் நின்றது.

செவில் விருந்துகளுக்கான அலங்காரச் சாமான் கடை வைத்திருந்தாள். ரெகே இசைக் கச்சேரிக்குப் போகிறவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் துணிக் கஞ்சா இலை மாலைகள் அங்கே தொங்கின. ஹின்னர்க் அங்கே ஓடினார்.

"பச்சை மட்டும் குடும்மா. எல்லாத்தையும்."

"உங்களுக்குமா? இந்த வாரம் இதுக்கு நல்ல கிராக்கி" என்று மடித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை நடுவர் இர்ம்கார்ட் அம்மையார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஹின்னர்க் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பச்சைப் பசேல்னு இருக்கு."

"நன்றி."

"நான் பாராட்டல, ஹின்னர்க். அறுக்கப் போற செடி இப்படியா இருக்கும்? இத்தனை நாள் சேர்த்து வெச்ச சத்தையெல்லாம் பூவுக்குக் கொடுத்துட்டு இலை மஞ்சளாகணும். வளர்த்தவனுக்கு அதுதான் பெருமை. நீங்க கடைசிவரைக்கும் உரத்தைக் கொட்டியிருக்கீங்க. பூஜ்யம்."

ஹின்னர்க்குக்குக் காது சிவந்தது. ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். வளர்க்கத் தெரியாதவன் என்றால்?

"மஞ்சளாச்சு! என் செடிதான் முதல்ல மஞ்சளாச்சு!"

துணி இலைகளைப் பிய்த்து எறிந்தார். குப்பை வாளியைக் கவிழ்த்து, வாடிய இலைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் காம்போடு ஒட்டிப் பிடித்தார். "இது இங்க இருந்துச்சு. இது இங்க. பாருங்க, என்ன மஞ்சள்!"

வீப்கே முகத்தை மூடிக்கொண்டாள். இர்ம்கார்ட் எதிர்வீட்டுக்குப் போனார்.

அங்கே டெட்லெஃபின் செடி தங்கமாய் மின்னியது. பூவாளி மறுபடியும் அவனுக்கே.

"இயற்கைய நம்பணும், ஹின்னர்க்" என்றான் டெட்லெஃப், முற்றத்தில் எல்லோர் முன்னாலும் பூவாளியைத் தூக்கிப் பிடித்தபடி. "நான் ஒரு இலையக்கூடத் தொடல."

ஹின்னர்க் தலை குனியவில்லை. "நீதான் ஜெயிச்ச. ஆனா என் செடியும் மஞ்சளாச்சு" என்று கை நீட்டினார்.

கடையைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு அந்த வழியாக வந்த செவில் நின்றாள்.

"அட, சங்கமே இங்கதான் இருக்கா? மாலை மூணு கலர்ல வந்துச்சு. பச்சைய ஹின்னர்க் அள்ளிட்டாரு, மஞ்சள டெட்லெஃப் அள்ளிட்டாரு. சிவப்பு மட்டும் அப்படியே தங்கிருச்சு. வேற யாருக்காவது வேணுமா?"