கிழவன் புத்தகத்தை மூடிவிட்டான்

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு முதல் தடவையிலேயே "வேண்டும்" என்று சொல்ல வராது. யார் எதை நீட்டினாலும் "வேண்டாங்க, இருக்கட்டுங்க" என்போம். எதிராளி "அட, சும்மா எடுத்துக்கங்க" என்பார். இன்னொரு தடவை மறுப்போம். மூன்றாவது தடவை, ஏதோ அவர் மனம் நோகக் கூடாதே என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வோம். (அதற்குள் காபி ஆறிப்போயிருக்கும். எங்கள் பக்கத்தில் ஆறிய காபிதான் மரியாதையான காபி.) தொண்டாமுத்தூரில் என் அம்மா இந்தப் பாடத்தை என் தொடையில் கிள்ளிக் கிள்ளியே சொல்லிக்கொடுத்தார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நந்தினியும் நானும் ஒரே பம்பு கம்பெனியில் வேலை பார்த்தோம். எங்களுக்குள் பேசி முடித்தாகிவிட்டது. வீட்டில் பேசுவதுதான் பாக்கி. அவள் வீட்டில் அக்கா மகேஸ்வரி வைத்ததுதான் சட்டம். அக்கா அவிநாசியில் பல் டாக்டர். எத்தனை கதறினாலும் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்காமல் விடமாட்டார் என்று ஊரில் பெயர்.

"அக்காவுக்கு உங்களப் புடிச்சுட்டாப் போதுங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் வாங்க, நாங்க ஒரு கேம் ஆடுவோம்" என்றாள் நந்தினி.

கேரம் என்று நினைத்துக்கொண்டு, காயைச் சுண்டுகிற விரலின் நகத்தை வெட்டிக்கொண்டு போனேன்.

கிளினிக்கின் முன்னறையில், சொத்தைப் பல் படங்களுக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். பலகையும் இல்லை, காயும் இல்லை. காகிதம், பென்சில், நாலு பக்கம், எட்டுப் பக்கம், இருபது பக்கம் என்று விதவிதமான பகடைகள், அவ்வளவுதான். அக்கா கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நந்தினியின் பாத்திரம் வீராயி, வாள்வீச்சுக்காரி. காலேஜ் நாளிலிருந்து அவள் பொத்திப் பொத்தி வளர்த்தவள். அக்காவின் கணவர் சிவா அண்ணன் பூட்டுடைக்கும் திருடன். எனக்கு மந்திரவாதி வேடம் வந்தது. மாயாண்டி என்று பெயர் வைத்தேன்.

மந்திரவாதி என்றால் கையைத் தூக்கினால் இடி விழும் என்று நினைத்திருந்தேன். அக்கா ஆடியது பழைய காலத்து விதிகள். மாயாண்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு மந்திரம்: வெளிச்சம் உண்டாக்குவது. (செல்போன் டார்ச் செய்கிற வேலை.) அதையும் காலையில் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு தடவை சொன்னால் மனதிலிருந்து அழிந்துபோகும். மறுநாள் மறுபடி உட்கார்ந்து உருப்போட வேண்டும்.

"புது மந்திரம் எப்பங்க வரும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தானா வராதுங்க தம்பி" என்றார் அக்கா. "பாழடைஞ்ச கோட்டையில ஓலை கெடைக்கோணும். இல்லீனா இன்னொரு மந்திரவாதி புக்கைக் காட்டோணும். லேசுல ஒருத்தனும் காட்டமாட்டான். காட்டினாலும் உங்களுக்குப் புரியுதான்னு பகடை போடோணும். புரியலீன்னா அத்தோட போச்சு. புரிஞ்சா உங்க புக்குல எழுதிக்கலாம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. சண்டை போட்டு ஜெயித்தால் மற்றவர்களுக்குப் பலம் கூடும். இவனோ தேடி அலைந்து, கெஞ்சி, எழுதி, உருப்போட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இப்படியொரு கஷ்டத்தை யோசித்து விதியாக எழுதிய புண்ணியவான் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது. என்ன படித்தாலும் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் எனக்கு, மாயாண்டி சொந்தக்காரனாகவே தோன்றினான்.

ஆட்டம் ஆரம்பித்தது. ராட்சசர் குகைக்குப் போகிற வழியில் ஒரு கிழ மந்திரவாதியை ஓநாய்களிடமிருந்து காப்பாற்றினோம். கிழவனாகக் குரலை மாற்றிக்கொண்டு அக்கா சொன்னார்: "என் உசுரக் காப்பாத்தினீங்க. இந்தாங்க, என் புக்கு. ராட்சசனையும் தூங்க வைக்கிற மந்திரம் இதுல இருக்குது. எழுதிக்கங்க."

நந்தினி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். சிவா அண்ணன் பென்சிலையே நீட்டிவிட்டார்.

நான் கையைக் கூப்பினேன். "ஐயோ, வேண்டாங்க! உங்களுக்கு எதுக்குங்க சிரமம்!"

சிவா அண்ணன் நீட்டிய பென்சிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"செரி. கெழவன் புக்கை மூடிட்டான்" என்றார் அக்கா.

"இல்லீங்க்கா, அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுங்க!"

"மேசையில சொன்னாச் சொன்னதுதானுங்க தம்பி."

"ஏனுங்க மகேஸ்வரி, மொத தடவை வந்த பையன், பாவம்" என்று சிவா அண்ணன் மன்றாடினார். போனால் போகிறதென்று, கிழவன் மனம் மாறுகிறானா என்று அக்கா பகடையை உருட்டினார். இருப்பதிலேயே கேவலமான எண் விழுந்தது. கிழவன் கதவையும் சாத்திக்கொண்டான்.

குகைக்குள் கும்மிருட்டு. ராட்சசர்கள் எங்களைக் காணாமல் துழாவிக்கொண்டிருந்தார்கள். மூச்சுக் காட்டாமல் நழுவியிருக்கலாம். ஆனால் நான் ஏதாவது செய்து பேரைக் காப்பாற்றத் துடித்தேன். "மாயாண்டி மந்திரம் போடுறானுங்க!" என்று கத்தினேன். தெரிந்தது ஒன்றுதானே? பளிச்சென்று வெளிச்சம் வந்தது. ராட்சசர்களுக்கு எங்களை நன்றாகத் தெரிந்தது.

வீராயி ஒற்றை ஆளாக வழியை மறித்து நின்று எங்கள் இருவரையும் தப்பவிட்டாள். கடைசிப் பகடையை உருட்டும்போது அக்காவின் கண்ணே கலங்கியிருந்தது. எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. வீராயி செத்துப்போனாள். நந்தினி வீராயியின் விவரம் எழுதிய காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அழுதாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. வந்த சம்பந்தம் ராட்சசன் வாயில் போய்விட்டதென்று எழுந்து செருப்பைத் தேடினேன்.

"உக்காருங்க தம்பி" என்றார் அக்கா. "இத்தன வருசமா ஆடறேன். புக்கைப் பாத்தா எல்லா மந்திரவாதியும் புடுங்கத்தான் வருவான். சும்மா குடுக்கறத வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். எங்க நந்தினிய உங்களுக்குக் குடுக்கலாம்னு..."

வளர்த்த வளர்ப்புக்கு நான் தலையைக் குனிந்து "பெரியவங்க பாத்து எப்படிச் செஞ்சாலும் செரிங்க" என்று இழுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் கை மேசையிலிருந்த விதிப் புத்தகத்தின் அட்டையில் இருந்தது. மூடிவிடுவாரோ என்று பதறிப்போய், "செரிங்க! செரிங்க்கா! இப்பவே செரிங்க!" என்று கத்தினேன். காபி டம்ளர் உருண்டது. நந்தினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். (வீராயியைக் கொன்றதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

அன்றிலிருந்து எந்தப் பந்தியில் நான் "போதுங்க" என்றாலும் "கெழவன் புக்கை மூடிட்டான்!" என்று வரிசையே கத்தும். பாயச வாளி என்னைத் தாண்டிப் போய்விடும். போன பொங்கலுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு மைசூர்பாக்கு கொண்டுவந்து என் அம்மாவிடம் நீட்டினார். அம்மா வழக்கம்போல் "எதுக்குங் கண்ணு, வேண்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டாக் குடு அம்மணி" என்றார்.