நிலையான விலாசம்

எண்பத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம், மொன்றியலில் ஒரு நீதிமன்றத்தில் பிணைமுறை சீர்திருத்தப்பட்டது. காசுள்ளவன் வெளியே, இல்லாதவன் உள்ளே என்ற அநீதி அத்துடன் ஒழிந்ததாக அறிவித்தார்கள். இனி இந்த நகரத்தில் வேர் உள்ளவனே வெளியே. வேர் என்றால் நிலையான விலாசம்.

முதற் பயனாளி எங்கள் அறைத்தோழன் யோகராசா. எங்களில் இன்னொருவனான நடராசாவின் மெட்ரோ ரயில் பாஸைக் காட்டிப் பயணஞ்செய்த குற்றத்துக்காக ஜூன் இருபதில் உள்ளே போனான். ஜூலை ஐந்தில் அவன் மனைவி கிளி மிராபெல் விமான நிலையத்தில் இறங்குகிறாள். அவளுக்கு இங்கே வேறு யாருமில்லை.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவன் தந்த விலாசத்தைச் சரிபார்க்க ஓர் அதிகாரி அம்மா நியமிக்கப்பட்டார். கோப்பு அவர் கைக்கு வர ஜூலை இரண்டாகிவிட்டது. ஜூலை ஒன்று மொன்றியல் முழுதும் வீடு மாறும் நாள். நகரமே பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகும். நாங்களும் போயிருந்தோம். கதவைத் திறந்தவர்களுக்கு யோகராசாவையும் தெரியவில்லை, தங்கள் வீட்டில் கழிவறை எங்கே என்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் வழக்கு. மொழிபெயர்ப்புக்கு நான்.

"இவருக்கு விலாசம் இல்லை" என்றார் அதிகாரி அம்மா.

"இவ எங்க இருக்கிறா எண்டு கேளுங்கோ அண்ணை" என்றான் யோகராசா.

கேட்டேன். அவர் கைப்பையைத் துழாவினார். "முந்தநாள்தான் மாறினேன். எங்கேயோ எழுதி வைத்தேன்."

நீதிபதியும் வீடு மாறியிருந்தார். அவருடைய அங்கி எந்தப் பெட்டியில் என்று தெரியாததால் இன்னொரு நீதிபதியின் அங்கியில் வந்திருந்தார். கோப்பை ஆழ்ந்து படித்து, இந்த அறையில் பதின்மூன்று நாளாக விலாசம் மாறாதவர் இவர் ஒருவரே எனக் கண்டார். வேர் நிரூபணமானது. பிணை வழங்கப்பட்டது. ஒரே நிபந்தனை: அதே விலாசத்தில் தொடர்ந்து வசிக்க வேண்டும்.

"அது சிறைச்சாலை, ஐயா" என்றேன்.

"வேறு விலாசம் இருந்தால் யாராவது உறுதி சொல்லலாம்" என்றார் பெருந்தன்மையாக.

பின்வரிசையில் எங்களாட்கள் ஆறு பேர், என்னோடு ஏழு. புது வீட்டில் மூன்று பேர் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். ஏழு பேரும் கூரையைப் பார்த்தோம்.

"அண்ணை, உங்கட புது வீட்டு இலக்கம் என்ன?" என்று யோகராசா என்னைக் கேட்டான்.

"இன்னும் பாடமாகேல்லை, தம்பி."

ஜூலை ஐந்து, வெள்ளிக்கிழமை, மிராபெலில் கிளி ஒரு சூட்கேசோடு வெளியே வந்தாள்.

"அவர் எங்க?"

"வீட்டிலதான் தங்கச்சி. வெளிக்கிட ஏலாது."

"அப்ப என்னை வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ."

ஏழு பேரும் மறுபடி கூரையைப் பார்த்தோம். மிராபெலின் கூரை நீதிமன்றக் கூரையைவிட நல்ல உயரம்.