மூளைப் பெட்டிக்குப் படைத்த பியர்

சிலி நாட்டு இக்கீக்கே துறைமுகத்தில் பழைய ஜப்பான் கார்களோடு மல்லுக்கட்டும் அன்பு மாப்பிள்ளை எலியோடோரோ அவர்களுக்கு, மலைமேல் எல் ஆல்ட்டோவிலிருந்து மாமனார் அனக்லெட்டோ வாயால் சொல்ல, எழுதத் தெரிந்த உங்கள் அத்தை ஃபோர்த்துனாட்டா கையால் எழுதுவது. உங்களுக்குப் பெண் பிறந்த சேதி போனில் வந்திருக்கும். இது நன்றி சொல்லும் கடிதம். நன்றியில் பாதி உங்களுக்கு, பாதி நீங்கள் அனுப்பிய காரின் மூளைப் பெட்டிக்கு.

க்ளச் இல்லாத காரை அனுப்பிவிட்டீர்களே என்று முதலில் திட்டினேன், மன்னியுங்கள். மெக்கானிக் கிரிஸ்பின்தான் விளக்கினான்: கார் போகிற வேகத்தையும் என் கால் அழுத்துவதையும் ஒரு பெட்டி கம்பி வழியாகத் தெரிந்துகொண்டு, எண்ணெய் வால்வுகளைத் திறந்து மூடி, கியரைத் தானே மாற்றுமாம். "எங்கடா இருக்கு அது?" என்றேன். "முன்னாடி, உள்ளதான் பெரியவரே" என்று கையை வீசிவிட்டுப் போனான். கார்னிவல் செவ்வாய், ஊரே வீட்டுக்கும் வண்டிக்கும் பியர் தெளித்துப் படைக்கிற நாள். மண்தாய்க்கு ஊற்றினேன், சக்கரங்களுக்கு ஊற்றினேன். வேலையெல்லாம் செய்கிற மூளை மட்டும் தாகத்தோடு இருக்கலாமா என்று, ஜப்பான் எழுத்து மினுக்கிய பெட்டியின் பிளவிலும் தாராளமாக ஊற்றினேன். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் நிக்காசியாவுக்குப் பிரசவ வலி கண்டது. அவளை முன்சீட்டில் உட்கார வைத்து கீழே லா பாஸ் ஆஸ்பத்திரிக்கு இறங்கினால், சரிவில் ஆலங்கட்டி மழை. நான் முதன்முதலில் ஓட்டிய லாரியின் க்ளச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதைக்கூட மறக்காத என் இடது கால், க்ளச்சைத் தேடித் தேடிப் பிரேக்கை மிதிக்கிறது.

"அப்பா, அது பிரேக்குப்பா!"

"யோவ், பிள்ளை வெளிய வர்றதுக்குள்ள நாம கண்ணாடி வழியா வெளிய போயிடுவோம் போலிருக்கே!" என்று பின்சீட்டிலிருந்து அத்தை.

திடீரென்று இன்ஜின் உறுமியது. கார் தன் இடுப்பைத் தானே பிடித்துக்கொண்ட மாதிரி நிதானமாக இறங்கியது. பக்கத்தில் ஒரு மினிபஸ் வழுக்கிச் சுவரைத் தேய்த்தது. நாங்கள் இரண்டாவது கியரிலேயே ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ச் சேர்ந்தோம். "பாத்தியாடி, குடிச்ச பியருக்கு நன்றி காட்டுது!" என்றேன். நிக்காசியா பல்லைக் கடித்தாள். வலி என்று நினைத்தேன்.

மண்தாய் உங்கள் கைக்கு ஓயாத வேலையும் தட்டுக்குக் குறையாத சோறும் தரட்டும். பிள்ளைக்குப் பெயரை நீங்கள் வந்து வையுங்கள். பெட்டிக்கு இன்னொரு பாட்டில் நேர்ந்திருக்கிறேன்.

மாமனார்
அனக்லெட்டோ

பின்குறிப்பு: இதுவரை எழுதிவிட்டு அத்தை பேனாவைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே நிக்காசியா சொல்கிறாள்: "பெட்டி என்னப்பா பண்ணும்? வலியோட வலியா நான்தான் அந்தக் கியர் ராட 'ரெண்டு'ல இழுத்து வெச்சேன், அப்பத்தான் இறக்கத்துல இன்ஜினே வண்டியப் பிடிச்சு நிறுத்தும். நீங்க ஊத்துனது ரேடியோவுல." செவ்வாயிலிருந்து ரேடியோ ஏன் ஊமையாகக் கிடக்கிறது என்பது இப்போதுதான் விளங்குகிறது. நேர்ந்த பாட்டில் ரத்து. மேலே பெட்டிக்கு நன்றி என்று வருகிற இடமெல்லாம் உங்கள் மனைவியின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும்.