இன்ஸ்டால் பண்ணாமலே பார்க்கலாம்

லினக்ஸ் வந்துவிட்டது. வைஃபைதான் போய்விட்டது.

லிஃப்ட் மெக்கானிக் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து, மனைவியின் ஆபீஸ் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு வார விடுமுறை. மனைவி பல் டாக்டரிடம் கிளம்பும்போது, "லேப்டாப் ஆமை மாதிரி ஊருது. மத்தியானம் எனக்கு மீட்டிங் வேற இருக்கு. தயவுசெஞ்சு நீங்க அதுல கை வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அதைத் திறந்தபடியே மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஆமை என்று காதில் விழுந்த பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும், புதிதாக வந்த லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம் என்று எங்கோ படித்திருந்தார். செருகினார். லேப்டாப் ஜிவ்வென்று கிளம்பியது. வைஃபை மட்டும் இல்லை.

அப்போதே பிடுங்கியிருக்கலாம். ஆனால் பாதி வேலையில் ஸ்பேனரைக் கீழே வைத்துப் பழக்கமில்லாத மனிதர். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார்.

"முழுசா இன்ஸ்டால் பண்ணினா வைஃபை வந்துடும் மாமா. ஆனா அது அக்காவோட ஆபீஸ் லேப்டாப் இல்லையே?"

"சே சே, என் ஃப்ரெண்டோடது."

"அப்ப சரி. ஒரு இடத்துல மட்டும் கவனமா இருங்க. பழசையும் வெச்சுக்கவான்னு கேக்கும். ஆமான்னு சொல்லிடுங்க."

கேட்கத்தான் கேட்டது. ஆனால் அதற்கு முன் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் விரல் வழுக்கி ஃபின்னிஷில் போய் விழுந்திருந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலம் போலவே இருந்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. இரண்டு பெட்டிகள் தெரிந்தன. மேலே போட்டிருப்பதுதான் நல்லதாக இருக்கும் என்று அதை அமுக்கினார்.

வைஃபை வந்தது. பழசு மொத்தமும் போயிருந்தது. மறுபடியும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"டிஸ்க்கையே துடைச்சுட்டீங்களே மாமா" என்றான் மச்சான். "சரி, முதல்ல மொழியை மாத்துவோம். நான் சொல்றதை அப்படியே டைப் அடிங்க."

கீபோர்டும் ஃபின்னிஷுக்கு மாறியிருந்தது. கோடு அடித்தால் கூட்டல்குறி விழுந்தது. கூட்டல்குறிக்குள்ளும் ஒரு கோடு இருக்கத்தானே செய்கிறது என்று எண்டரைத் தட்டினார். திரை கறுத்தது.

"என்ன மாமா தெரியுது?"

"ஒரு கோடு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை. அந்தக் கோடும் விட்டுவிட்டுத்தான் தெரியுது."

"உங்க ஃப்ரெண்ட் கோவக்காரரா மாமா?"

"செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்குது. வெச்சுடறேன்."

மனைவி மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சும்மா ட்ரை பண்ணிப் பார்த்தேன்" என்றார் அவர். அவருக்கே அது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது. "உன் ஃபைலெல்லாம்..."

"ஃபைல் ஆபீஸ் சர்வர்ல பத்திரமா இருக்கு. இது பழையபடி வருமா?"

"வராது."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"உன் தம்பிகிட்டயே கேட்டுட்டேன்."

"அவனாலயும் முடியாதா? ஒருவிதத்துலயும் முடியாதா?"

அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கத்தித் தொலைத்தாலாவது பரவாயில்லை. அவளோ மரத்துப்போன வாயோடு அமைதியாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவளுக்கு வேலை போனால் அது தன்னால்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது. அவர்தான் போய்த் திறந்தார். வாசலில் ஓர் ஆள், கையில் ஒரு பெட்டி, கழுத்தில் மனைவியின் ஆபீஸ் பேர் போட்ட அடையாள அட்டை. கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வருவதாகச் சொன்னார்.

மெக்கானிக் கதவை ஒட்டி நின்றபடியே கொட்டிவிட்டார். "சார், அவ மேல ஒரு தப்பும் இல்லை. தொடாதீங்கன்னுதான் சொன்னா. நான்தான் நோண்டி அடியோட கெடுத்துட்டேன். அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

வந்தவர் பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"அதெல்லாம் தெரியும் சார். பழசு அடியோட போனாத்தான் புதுசு தர முடியும்னு நேத்து சொன்னேன், 'நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு லீவு, மத்தியானம் கொண்டு வந்துடுங்க'ன்னு மேடம் சொன்னாங்க."